டிக் அடிக்க ஒரு பாவப் பட்டியல்: 40 நாள் பயன்படுத்திப் பார்த்தேன்

முதல் நாளே 11 பிழை பிடித்தேன். என்னிடம் இல்லை, செயலியிடம். ‘இன்று கோபத்தை கட்டுப்படுத்தினீர்களா?’ என்று கேட்டது. ஒரு ‘க்’ காணோம். ‘யாரையாவது பற்றி புறம் பேசினீர்களா?’ என்றது. அங்கே ஒரு ‘ப்’ போயிருந்தது. 19 வருடமாகப் பிழை திருத்துவதுதான் எனக்குத் தொழில். தேவனுக்கு முன்பாக என்னைச் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தவள், ஒற்று மிகும் இடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ‘பெருமை’ என்ற கட்டத்தில் அன்று டிக் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. பிழை பிழைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

செயலியின் பெயரை எழுதப் போவதில்லை. குறை நிறையச் சொல்லப் போகிறேன், செய்தவர்களோ நல்ல எண்ணத்தில் செய்திருக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் தங்கள் பாவங்களை நினைத்துப் பார்த்து மனந்திரும்ப உதவும் 40 நாள் திட்டம் இது. தினமும் இரவு ஒன்பதரைக்கு மணியடிக்கும். ஒரு வேதபகுதி, ஐந்து நிமிடத்துக்குள் முடியும் ஒரு குரல்பதிவு, அப்புறம் கேள்விகள். ஆம் என்றால் டிக். எழுதுவதற்கு ஒரு பெட்டியும் உண்டு. ரகசிய எண் போட்டுப் பூட்டலாம், 40-ம் நாள் எல்லாவற்றையும் அழித்துவிடலாம்.

தொடக்கத்திலேயே நீங்கள் கத்தோலிக்கரா, சீர்திருத்த சபையா, ஆர்த்தடாக்ஸா என்று கேட்கிறது. நான் பிறந்தது சீர்திருத்த சபையில், வாழ்க்கைப்பட்டது கத்தோலிக்கக் குடும்பத்தில். அம்மா வீட்டில் ‘மனந்திரும்புதல்’, மாமியார் வீட்டில் ‘மனமாற்றம்’. அங்கே பாவ அறிக்கை, இங்கே குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம், இப்போதைய பெயரில் ஒப்புரவு அருட்சாதனம். அதனால் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். உண்மையில் இந்தச் செயலியில் எனக்குப் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

கத்தோலிக்க அமைப்பில் பத்துக் கட்டளை வரிசையில் கேள்விகள் வருகின்றன. சாவான பாவம் என்றால் என்ன என்பதற்குத் தெளிவான விளக்கம் இருக்கிறது: விஷயம் கனமானதாக இருக்க வேண்டும், அது கனமானது என்று முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தே மனம் ஒப்பிச் செய்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. என் மாமியார் 70 வயது வரை தூக்கத்தில் வந்த கனவுகளையெல்லாம் சாவான பாவக் கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். இந்த ஒரு பக்கத்தை யாராவது முன்பே படித்துக் காட்டியிருந்தால் பல வருடப் பயம் மிச்சமாகியிருக்கும்.

சீர்திருத்த அமைப்பில் குருவானவர் கிடையாது. நேராக யோவானின் முதல் நிருபம், ‘நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்’ என்ற வசனம், அப்புறம் ஜெபம். சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் 1517-ல் எழுதிய 95 வாதங்களில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான் என்று குரல்பதிவு சொல்கிறது. அதைச் சொல்லிவிட்டு 40 நாளில் முடியும் திட்டத்தைக் கையில் கொடுப்பது வேடிக்கை. ஆர்த்தடாக்ஸ் அமைப்பில் தொனியே வேறு. அங்கே பாவம் முதலில் ஒரு நோய், சபை ஒரு மருத்துவமனை. பாவ அறிக்கை செய்பவர் கிறிஸ்துவின் திருவுருவத்தை நோக்கி நிற்பார், குருவானவர் பக்கத்தில் சாட்சியாக நிற்பார். கேள்விகளும் ‘என்ன செய்தாய்?’ என்பதைவிட ‘எங்கே வலிக்கிறது?’ என்பது போல இருக்கின்றன. நீதிமன்றத்திலேயே வளர்ந்தவளுக்கு வைத்தியசாலைக்குப் போனது போல இருந்தது.

தலையான பாவங்கள் ஏழு பற்றி ஒரு வாரம் ஓடுகிறது. 4-ம் நூற்றாண்டுத் துறவி எவாக்ரியுஸ் எழுதியபோது அவை எட்டாக இருந்தன, பிறகு போப் முதலாம் கிரகோரி ஏழாக்கினார் என்பதெல்லாம் வருகிறது. ஆனால் எவாக்ரியுஸ் ‘அகேதியா’ என்று சொன்னதை வெறுமனே ‘சோம்பல்’ என்று போட்டுவிட்டார்கள். அது போர்வையை இழுத்து மூடிப் படுக்கும் சோம்பல் இல்லை. நடுப்பகலில் சூரியன் நகராமல் நிற்பது போலத் தோன்றும், இருக்கும் இடம் வெறுத்துப்போகும், ஜெபமும் வேலையும் எதற்கு என்று எங்காவது எழுந்து ஓடத் தோன்றும். நாள் முழுக்கப் பரபரப்பாக ஓடுகிறவருக்கும் அது இருக்கும். எனக்கு இருக்கிறது. ‘சோம்பல்’ என்ற கட்டத்தில் ஒரு நாளும் நான் டிக் அடித்ததில்லை.

வார்த்தைகளைப் பற்றிய பாடங்களுக்குத்தான் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். எபிரெயத்தில் பாவத்துக்குப் பல சொற்கள். ஹாத்தா என்றால் குறி தவறுதல். நியாயாதிபதிகள் புத்தகத்தில் இடதுகைப் பழக்கமுள்ள 700 பேர் ஒரு மயிரிழைக்கும் தப்பாமல் கவண்கல் எறிவார்கள் என்று வருகிறதே, அந்தத் ‘தப்பாமல்’ இதே வினைச்சொல்தான். அவோன் என்றால் கோணல். பேஷா என்றால் தெரிந்தே எதிர்த்து நிற்பது. 51-ம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களிலேயே மூன்றும் வந்துவிடுகின்றன. அங்கே செயலியை நிறுத்திவிட்டு என் பழைய வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். மீறுதல், அக்கிரமம், பாவம். மொழிபெயர்த்தவர்கள் மூன்றுக்கும் மூன்று சொல் தேடி வைத்திருக்கிறார்கள். அக்கிரமம் என்றால் கிரமம் கெட்டது, வரிசை குலைந்தது. அவோனுக்கு இதைவிட நெருக்கமான சொல் கிடைக்குமா என்று தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லி வந்த வசனத்தில் இந்த வேலைப்பாட்டை நான் கவனித்ததே இல்லை.

செயலி சொல்லாத ஒன்றையும் இங்கே சேர்க்கிறேன். தமிழில் ‘பாவம்’ என்பது இரக்கத்துக்கும் சொல். ‘பாவம், அந்தப் பிள்ளை’ என்கிறோம். அதே வாயால் ‘என்ன பாவம் செய்தேனோ’ என்று துன்பம் வரும்போது கணக்கும் பார்க்கிறோம். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவரைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டதும் அதே கணக்குத்தான். இரண்டும் இல்லை என்று இயேசு சொல்லிவிட்டார். பாவத்துக்கு எதிரே புண்ணியத்தை வைத்து நேர்செய்யலாம் என்ற எண்ணம் நம் பேச்சில் ஊறியிருப்பதால், இதற்கு ஒரு தனிப் பாடமே வைத்திருக்கலாம். சிலுவையைப் பற்றிச் சொல்லும்போது கிறிஸ்தவம் அந்தத் தராசையே எடுத்து வைத்துவிடுகிறது. நல்லது செய்து சரிக்கட்ட முடியாது என்பதுதான் அதன் முதல் செய்தி.

12-ம் நாள் பாடம் ஆதிபாவம், ஆதாமின் மீறுதலால் மனிதர் எல்லாருக்கும் வந்த பாவநிலை. ஐந்து நிமிடத்தில் ஆதாம், பவுல், அகுஸ்தீன் எல்லாரும் வந்து போனார்கள். மனதில் நிற்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு வாக்கியம் வந்தது: ரோமருக்கு எழுதும்போது பவுல் பெரும்பாலும் ‘பாவங்கள்’ என்று எழுதவில்லை, ‘பாவம்’ என்று ஒருமையில் எழுதுகிறார், அது ஆளுகை செய்யும் ஏதோ ஒன்று போல. ஒரு ‘கள்’ விகுதி! என் தொழிலில் இதை நான் வேறு விதமாகப் பார்த்திருக்கிறேன். பக்க வடிவமைப்பில் மூலப் பக்கம் என்று ஒன்று உண்டு. அதில் ஓர் அளவு தப்பாக இருந்தால் 200 பக்கமும் தப்பாக வரும். 17-ம் பக்கத்தைச் சரிசெய்யலாம், 48-ம் பக்கத்தைச் சரிசெய்யலாம், புதிதாகச் சேர்க்கிற பக்கமும் அதே கோளாறோடுதான் பிறக்கும். விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்கிறேன் என்று பவுல் புலம்புவது எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. ஆனால் அடுத்த திரையில் அதே செயலி மறுபடி 17-ம் பக்கத்துக்கும் 48-ம் பக்கத்துக்கும் டிக் அடிக்கச் சொல்கிறது.

வரைபடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வாரக் கடைசியில் நம் பாவங்கள் ஏறியதா இறங்கியதா என்று ஒரு கோடு காட்டுகிறார்கள். ஏழு நாள் விடாமல் செய்தால் ஒரு பதக்கம். ‘வாழ்த்துகள்! தாழ்மையில் வளர்கிறீர்கள்’ என்று எழுதி, நண்பர்களுக்குப் பகிர ஒரு பொத்தானும் வைத்திருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு தரம் உபவாசிக்கிறேன் என்று ஆலயத்தில் நின்று சொன்ன பரிசேயருக்கு இந்தப் பொத்தான் கிடைத்திருந்தால்! எண்ணுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, எத்தனை தரம் விழுந்தோம் என்று கோடு போட்டுப் புள்ளி வைக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆனால் அதே இஞ்ஞாசியார் 1522-ல் மன்ரேசாவில் இருந்தபோது, சொல்லிவிட்ட பாவத்தையே சரியாகச் சொன்னோமா என்று திரும்பத் திரும்பச் சொல்லி மனம் நொந்து போனவர். துறவியாக இருந்த காலத்தில் லூத்தருக்கும் அந்தத் தொல்லை இருந்தது. அப்படிப்பட்ட மனவாகு உள்ளவர்கள் இந்தச் செயலியைத் தொடவே வேண்டாம். இரவு ஒன்பதரை மணி அவர்களைத் தூங்க விடாது. இதை முதல் திரையிலேயே எச்சரிக்கையாகப் போட்டிருக்க வேண்டும், எங்கேயும் காணோம்.

17-ம் நாளுக்கு வருகிறேன். அன்று டிக் கட்டங்களே இல்லை. இன்னொருவனின் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி போய், ஒரே ஓர் ஆட்டுக்குட்டி வைத்திருந்த ஏழையின் கதையைச் சொல்கிறார். பணக்காரன் அந்தக் குட்டியைப் பிடுங்கிக்கொண்டான் என்றதும் தாவீதுக்குக் கோபம் பொங்குகிறது. ‘நீயே அந்த மனுஷன்’ என்கிறார் நாத்தான். அதன் கீழே ஒரே கேள்வி: மற்றவர் செய்தால் உங்களுக்கு எதில் அதிகம் கோபம் வரும்?

நான் யோசிக்காமல் எழுதினேன். தன் தவறைத் தனக்குக் கீழே இருப்பவர் தலையில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

எழுதிவிட்டு ரொம்ப நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கை எங்களிடம் வந்தது. கடைசிப் படியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். அட்டவணையில் ஓர் எண்ணில் ஒரு பூஜ்யம் விடுபட்டிருந்தது, நான் பார்க்கவில்லை. அச்சாகி வந்தபின் தெரிந்தது. மொத்தத்தையும் திரும்ப அச்சடிக்க வேண்டியதாயிற்று. பக்கம் வடிவமைத்த தம்பியை எல்லார் முன்னாலும் கூப்பிட்டு, ‘இவங்க போட்ட கடைசித் திருத்தத்தை நீ ஏத்தலையா?’ என்று கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் திருத்தமே போடவில்லை என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ‘விட்டுப்போச்சு போல’ என்று அவனே சொன்னான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பொய்யும் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான்.

இதை எழுதிச் சேமிக்கப் போனால், எந்தக் கட்டளைக்குக் கீழே என்று செயலி கேட்டது. பொய்ச்சாட்சியா? நான் சாட்சியே சொல்லவில்லையே. கடைசியில் ‘கடமை தவறுதல்’ என்ற இடத்தில் போட்டேன். நன்மை செய்ய அறிந்திருந்தும் செய்யாதவனுக்கு அது பாவம் என்று யாக்கோபு எழுதியதற்கு அவ்வளவு பெரிய பட்டியலில் இருப்பது இந்த ஒரு கட்டம்தான். அந்த வாரக் கோட்டில் என்னுடைய கடமை தவறுதல் ‘1’ என்று வந்தது. பக்கத்திலேயே எரிச்சல், ‘9’.

அடுத்து வந்த பாடங்களில் செயலி என்னோடு ஒட்டவே இல்லை. 26-ம் நாள் பேதுரு. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தார், மனங்கசந்து அழுதார், மன்னிக்கப்பட்டார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கு மூன்றே வரி, துரோகி என்று முடித்துவிட்டார்கள். யூதாசைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். மத்தேயு சொல்கிறபடி அவன் மனஸ்தாபப்பட்டான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவஞ்செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான், அதுவும் ஆசாரியர்களிடம். 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். மனத்துயர், அறிக்கை, பரிகாரம் மூன்றும் ஆயிற்று. இந்தச் செயலியில் அவனுக்கு எல்லாக் கட்டமும் பச்சையாகியிருக்கும். ‘எங்களுக்கென்ன, அது உன்பாடு’ என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் காட்டிக்கொடுத்தவரிடம் மட்டும் அவன் திரும்பிப் போகவே இல்லை. பேதுரு ஒரு பட்டியலும் போடவில்லை. பிறகு கடற்கரையில் இயேசு நிற்கிறார் என்று கேட்டவுடன் படகிலிருந்து தண்ணீரில் குதித்துவிட்டார்.

எபிரெயத்தில் மனந்திரும்புதலுக்குச் சொல் ஷூவ், திரும்பு என்பதுதான் அதன் நேர்ப்பொருள். கிரேக்கத்தில் மெத்தனோயா, மனம் மாறுதல். தமிழ்க்காரர்கள் இரண்டையும் சேர்த்து மனந்திரும்புதல் என்று வைத்திருக்கிறோம். திரும்புவதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். திரை ஆள் ஆகாது.

33-ம் நாள் வரி வசூலிக்கிற சகேயு. ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். ‘நீங்கள் திருப்பித் தர வேண்டியது என்ன?’ என்று செயலி கேட்கிறது, நல்ல கேள்வி. ஆனால் வரிசை தப்பு. இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்று முதலில் சொன்னார், கணக்கு அதற்கு அப்புறம் வந்தது. இவர்கள் பரிகாரத்தை 33-ம் நாளிலும் தேவனுடைய கிருபையை 39-ம் நாளிலும் வைத்திருக்கிறார்கள். சொத்தை வாங்கிப் போய் அழித்துவிட்டு அப்பாவிடம் திரும்பி வரும் கெட்ட குமாரன் கதையை அங்கேதான் கொண்டுவருகிறார்கள். அந்தக் கதையில் ஒரு விடுபடல் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? தூரதேசத்தில் அவன் ஒத்திகை பார்த்த பேச்சின் கடைசி வரி, ‘உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்’. அப்பாவிடம் பேசும்போது அந்த வரி இல்லை. அதற்குள் அப்பா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாயிற்று, வேலைக்காரர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரியை அங்கேயும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். என்னைப் போல ஒருத்தர் ‘விட்டுப்போச்சு’ என்று நினைத்துச் சேர்த்திருப்பார்.

40-ம் நாள் அழிப்பு வருகிறது. ஒரு பஞ்சு வந்து திரையைத் துடைக்கிறது. ‘உங்கள் பாவங்கள் அழிக்கப்பட்டன’ என்று எழுத்து. இதை உடனே மாற்ற வேண்டும். 2011-ல் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாராக உதவும் ஒரு செயலி ஐபோனில் வந்தபோது, அன்றைய வத்திக்கான் செய்தித் தொடர்பாளர் அருட்தந்தை பெதெரிகோ லொம்பார்தி, தயாரிப்புக்கு உதவலாம், அருட்சாதனத்துக்கு அது ஒருபோதும் மாற்றாகாது என்று தெளிவாகச் சொன்னார். மன்னிப்பு நேராகத் தேவனிடமிருந்து என்று நம்பும் எங்கள் சபைக்காரர்களுக்கும் அதே ஆட்சேபம்தான் இருக்கும். அழிந்தது உங்கள் பதிவு. அப்படி மட்டும் எழுதினால் போதும்.

ஐந்தில் மூன்று நட்சத்திரம். 17-ம் நாளுக்கு இரண்டு, வார்த்தைப் பாடங்களுக்கு ஒன்று. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வருடக்கணக்காகி, என்ன சொல்வது என்று தெரியாமல் தயங்குகிறவர்களுக்கு உதவும். தினமும் தன்னையே குடைந்துகொண்டிருக்கிறவர்களுக்கு வேண்டாம். வரைபடத்தையும் பதக்கத்தையும் அமைப்புகளில் அணைத்துவிடலாம், அணைத்துவிடுங்கள். ஒற்றுப்பிழைப் பட்டியலை அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன், மொத்தம் 146.

35-ம் நாள் அந்தத் தம்பியின் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். நலம் விசாரித்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்குத் திருத்தமே போடவில்லை, பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான், அங்கே வாயைத் திறக்காமல் நின்றதும் நான்தான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ‘அப்ப நான் எதையும் விட்டுடலையா அக்கா?’ என்றான். இல்லை என்றேன். ‘அந்தத் தாள்ல திருத்தமே இல்லையா?’ என்று மறுபடி கேட்டான். மூன்றாவது தடவையும் கேட்டான். அப்புறம், ‘சரிக்கா. நான் அப்புறம் பேசுறேன்’ என்று வைத்துவிட்டான்.

பழைய அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். அவன் இன்னும் கூப்பிடவில்லை. 40-ம் நாள் பஞ்சு வருவதற்கு முன்னால் ஒவ்வொரு பதிவுக்கும் ‘இது தீர்ந்ததா?’ என்று செயலி கேட்கும். ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். மற்றதெல்லாம் போய்விட்டது. இந்த ஒன்றில் மட்டும் நான் எதையும் அழுத்தவில்லை. தினமும் ஒன்பதரைக்கு அதே கேள்வியோடு மணியடிக்கிறது.